முதல் எட்டு எந்தக் கிழமை?

ஜூன் 1, ஞாயிறு

ஹேமா காலை வண்டியில் கிளம்பிவிட்டாள். சென்னைப் பக்கம் எட்டு வாரப் பயிற்சி. முடித்துவிட்டு வந்தால் உதவி ரயில் ஓட்டுநர். மூன்று தடவை தேர்வு எழுதி வாங்கிய இடம். நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனாலும் அடுத்த அணியோடு முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம். அதனால் வண்டி நகரும்வரை இருவரும் பயிற்சியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். வண்டி நகர்ந்த பிறகுதான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்: "தூக்கிட்டே திரியாதீங்க! கீழ விடுங்க!"

எங்கள் மகள் யாத்ராவுக்கு இன்றோடு பதினாறு மாதம். இன்னும் நடக்கவில்லை. தவழ்ந்ததும் இல்லை. ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, ஒரு கையால் தரையைத் தள்ளித் தள்ளி, படகு விடுவதுபோல் வீடு முழுக்கப் போய் வருகிறாள். சமையலறையிலிருந்து பால்கனிக்கு இரண்டு நிமிடம். "உக்காந்துட்டே நகர்ற குழந்தைங்க கொஞ்சம் லேட்டாத்தான் நடக்கும். ஒன்றரை வயசு வரைக்கும் பார்ப்போம். அப்பவும் நடக்கலைன்னா கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன்" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒன்றரை வயது ஆகஸ்ட் ஒன்றாம் தேதி. காலண்டரில் அந்தத் தேதியை ஹேமா வட்டம் போட்டிருக்கிறாள். நான் அதன்மேல் மளிகைப் பட்டியலைச் செருகி வைத்திருக்கிறேன்.

ஃபிரிட்ஜ் கதவில் பதினேழு குறிப்புகள் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். பன்னிரண்டாவது: "நடக்கப் பழக்கணும்." ஸ்டேஷனிலிருந்து வீடுவரை யாத்ராவைத் தூக்கிக்கொண்டுதான் வந்தேன். வெயில் அதிகம். நாளையிலிருந்து பழக்கலாம்.

இந்த டைரி, நான் வேலை செய்யும் கண்ணாடிக் கடைக்கு லென்ஸ் கம்பெனிக்காரர்கள் கொடுத்தது. ஜனவரியிலிருந்து நேற்றுவரை ஒரு வரிகூட இல்லை. வீட்டில் பேச ஆள் இருந்தால் யார் டைரி எழுதுவார்கள்?

ஜூன் 3, செவ்வாய்

தோசை இன்றும் வட்டமாக வரவில்லை. யாத்ரா ஆட்சேபிக்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

யாத்ராவை ஏழாம் மாதத்திலிருந்து பார்த்துக்கொள்வது அடுத்த தெரு பேபி அக்கா. வீட்டிலேயே நான்கு குழந்தைகளை வைத்துக் கவனித்துக்கொள்கிறார். எப்போது போனாலும் ஒன்று இடுப்பில், ஒன்று தோளில். யாத்ரா பெரும்பாலும் இடுப்பில். இன்று மாலை போனபோது அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாத்ரா மடியில்.

"பூபதி, உக்காருங்க. ஒண்ணு சொல்லோணும்" என்றார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்து கேட்கச் சொல்லும் செய்திகள் எனக்குப் பிடிக்காது.

"முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சுங்களாமா. எக்ஸ்ரே எடுத்துப் பாத்தாங்க. ஆபரேசன் பண்ணோணும், இனிமே புள்ளைங்களத் தூக்கவே கூடாதுன்னு சொல்லிப்போட்டாங்க. பதினாலாம் தேதியோட நிறுத்திக்கறேனுங்க. எனக்கு வேற வழி தெரியல சாமி."

அக்கா அழுதுவிட்டார். யாத்ரா அவர் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள். "பரவால்லக்கா, நீங்க முதல்ல முட்டியப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். தெரு முனைவரை தைரியமாகத்தான் வந்தேன்.

ஹேமாவிடம் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே சொல்லிவிட்டேன். மறைத்தால் குரலில் தெரிந்துவிடும். அக்காவுக்கு ஆபரேசன் எப்போது என்று கேட்டாள். பிறகு, "நான் வந்துடட்டுமாங்க? அடுத்த பேட்ச்ல சேந்துக்கறேன்" என்றாள்.

"எதுக்கு? ஈரோட்டுல காப்பகத்துக்கா பஞ்சம்? ஒரு வாரத்துல பத்து இடம் பாத்துடுவேன்" என்றேன்.

எனக்கு ஒரு இடம்கூடத் தெரியாது.

ஜூன் 7, சனி

கடையில் லீவு சொல்லிவிட்டு மூன்று இடம் பார்த்தேன். முதல் இடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. எல்லாக் குழந்தைகளும் அதைப் பார்த்தபடி மிக ஒழுக்கமாக இருந்தார்கள். இரண்டாவது இடத்தில் வாசல் கேட்டில் அருமையான யானை வரைந்திருந்தது. உள்ளே பதினெட்டுக் குழந்தைகளுக்கு ஒரே ஒரு பெண். அவரைப் பார்த்தால் எனக்கே தண்ணீர் கொடுக்க வேண்டும்போல இருந்தது.

மூன்றாவது இடம் 'அணில்குட்டி'. ஓட்டு வீடு, முன்னால் ஒரு வேப்பமரம், கேட்டிலிருந்து கதவுவரை சிமெண்டுப் பாதை. நடத்துகிறவர் ஜெசிந்தா டீச்சர். என்னைவிட நாலைந்து வயது சின்னவராக இருப்பார். என்னைப் பார்த்து வணக்கம் சொல்லவில்லை. யாத்ராவைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம், "ஏன் இடுப்புலயே வெச்சிருக்கீங்க? கீழ விடுங்க" என்றார்.

"புது இடமுங்க. பயப்படுவா."

"யாரு?"

இறக்கிவிட்டேன். யாத்ரா அரை நிமிடம் என்னைப் பார்த்தாள். அப்புறம் படகை எடுத்துக்கொண்டு பொம்மை அலமாரிக்குப் போய்விட்டாள். அலமாரி அவள் உயரத்துக்கு இருந்தது. அங்கே எல்லாமே அவர்கள் உயரத்துக்குத்தான். குழாய்கூட. நான்தான் எங்கேயும் பொருந்தவில்லை.

இன்னும் நடக்கவில்லை என்று சொன்னேன். டாக்டர் சொன்னதையும், ஆகஸ்ட் ஒன்றையும் சொன்னேன். ஹேமாவைப் பற்றிக் கேட்காமலேயே சொன்னேன். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிங்க, பதினாறாம் தேதி கூட்டிட்டு வாங்க. தூக்கிட்டு வராதீங்க, கூட்டிட்டு வாங்க" என்றார்.

ஜூன் 14, சனி

பேபி அக்கா வீட்டில் கடைசி நாள். அக்கா யாத்ராவுக்குப் பட்டுப் பாவாடை எடுத்திருந்தார். நான் அக்காவுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தும், கிளம்பும்போது ஒரு தடவை தூக்கிவிட்டார். நான் பார்க்காததுபோல் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 16, திங்கள்

முதல் நாள். விட்டுவிட்டு உடனே கிளம்பச் சொல்லியிருந்தார்கள். கதவு மூடியதும் யாத்ரா அழ ஆரம்பித்தாள். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். ஐந்து நிமிடத்தில் அழுகை நின்றுவிட்டது. அழுகை நின்றது அழுததைவிடக் கஷ்டமாக இருந்தது. எதிரே டீக்கடை. மூன்று டீ குடித்தேன். "சார், உள்ள யாராவது ஆபரேசனா?" என்று டீ மாஸ்டர் கேட்டார்.

கடைக்குப் போனபோது முதலாளி சிராஜ் பாய் என் கண்ணைப் பார்த்தார். லென்ஸ் தூள் விழுந்துவிட்டது என்றேன். "கடை திறக்கறதுக்கு முன்னாடியேவா?" என்றார்.

ஜூன் 17, செவ்வாய்

அணில்குட்டியில் ஒரு சட்டம் உண்டு. குழந்தையை கேட்டில் இறக்கிவிட்டுவிட வேண்டும். அங்கிருந்து கதவுவரை அதன் பாடு. நடந்து போகலாம், தவழலாம், உருளலாம். பெரியவர்கள் கூடப் போகலாம், தூக்கக் கூடாது.

பாதை பன்னிரண்டு அடி. யாத்ரா எடுத்துக்கொண்ட நேரம் ஒன்பது நிமிடம். வழியில் ஒரு எறும்பு வரிசை, ஒரு வேப்பம்பழம், யாரோ விட்டுப்போன ஒரு சாக்ஸ். எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் போனாள். எங்களுக்குப் பின்னால் இரண்டு அம்மாக்கள் காத்திருந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். ஒருவர், "என் பையன் இதே பாதையில ரெண்டு மாசம் படுத்துட்டே இருந்தானுங்க" என்றார்.

கடைக்குத் தாமதம். "பேரு யாத்ரா. ஆனா வண்டி கிளம்ப மாட்டேங்குது" என்று சிரித்தார் பாய். ஹேமா வரும்வரை காலையில் அரை மணி நேரம் தாமதமாக வரலாம் என்றும் சொல்லிவிட்டார்.

ஜூன் 19, வியாழன்

இன்று மூன்று செய்திகள். ஒன்று, யாத்ரா மத்தியானம் பாயில் படுத்துத் தானாகத் தூங்கினாளாம். வீட்டில் தூளியில் போட்டு நாற்பது நிமிடம் ஆட்டிக்கொண்டே பாட வேண்டும். தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்து, நான் இப்போது லென்ஸ் பவர்களை ராகம் போட்டுப் பாடிக்கொண்டிருக்கிறேன். "எப்படி டீச்சர் தூங்க வெச்சீங்க?" என்று கேட்டேன். "நான் ஒண்ணும் பண்ணலீங்க. பக்கத்துல எல்லாரும் தூங்குனாங்க" என்றார்.

இரண்டு, தயிர்சாதத்தை ஸ்பூனால் தானே சாப்பிட்டாள். சாதத்தில் பாதி தலையில் இருந்தது. மீதிப் பாதி உள்ளே போயிருக்க வேண்டும்.

மூன்று, எதையோ பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாளாம். வீட்டுக்கு வந்து கட்டிலைக் காட்டினேன். நாற்காலியைக் காட்டினேன். படகில் ஏறி பால்கனிக்குப் போய்விட்டாள்.

ஜூன் 22, ஞாயிறு

கட்டிலைப் பிடித்து நின்றாள்! ஹேமா வீடியோவில் இருக்கும்போதே நின்றாள். ஹேமா அங்கே விடுதி அறையில் கைதட்டியதைக் கேட்டு அவள் அறைத்தோழி ஓடிவந்துவிட்டாள். அவளும் பார்த்தாள். யாத்ரா இரண்டு பேருக்கும் காட்சி கொடுத்துவிட்டு தொப்பென்று உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஹேமா, "நான் இல்லாதப்பவே நடந்துருவா இல்லீங்க?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

"நான் சொல்லி வெக்கறேன். அம்மா வர்ற வரைக்கும் பொறுத்துக்கோன்னு."

"சும்மா இருங்க. நடந்தாப் போதும். எப்ப நடந்தா என்ன?"

அப்புறம் இன்ஜினில் காற்று பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினாள். எனக்குப் புரியவில்லை. நடுவில் மூக்கை உறிஞ்சினாள். அங்கே தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, ஜலதோஷம் என்றாள். முதல் முழு விடுப்பு ஜூலை ஆறு ஞாயிறுதானாம். காலையில் வந்து மாலையில் திரும்ப வேண்டும்.

ஜூன் 25, புதன்

இன்று ஜெசிந்தா டீச்சர் வழக்கத்துக்கு மாறாக கேட்வரை வந்து யாத்ராவை ஒப்படைத்தார். நல்ல மூடில் இருந்தார். யாத்ராவின் சட்டையில் பாயசம் சிந்தியிருந்தது. யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டேன். "யாருக்கும் இல்லீங்க. சும்மாதான், ஒரு சந்தோஷத்துக்கு" என்றார். நல்ல வழக்கம்.

"இந்த சனி ஞாயிறு வீட்டுலதான இருப்பீங்க?"

"ஆமாங்க."

"தரையில நிறைய விடுங்க. நீங்களும் தரையிலயே உக்காருங்க. போனை நோண்டிட்டே இருக்காம பாத்துட்டே இருங்க."

நான் போனை அவ்வளவாக நோண்டுவதில்லை. ஆனாலும் சரி என்றேன்.

ஒன்றைக் குறித்து வைக்க வேண்டும். தினமும் துவைக்கும்போது யாத்ராவின் கால்சட்டையின் பின்பக்கம் கரிபோல இருக்கும். இன்று பளிச்சென்று இருந்தது. அங்கே தரையை நன்றாகத் துடைக்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

ஜூன் 26, வியாழன்

இன்றும் கால்சட்டை சுத்தம். ஆனால் உள்ளங்கால் இரண்டும் அப்படியொரு அழுக்கு. தேங்காய் நாரை எடுத்துத் தேய்க்க வேண்டியதாகிவிட்டது. தரையைத் துடைக்கிறார்களா இல்லையா என்றே தெரியவில்லை.

ஜூன் 28, சனி

காலை பத்து இருபது.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். டீச்சர் சொன்னபடி யாத்ராவைத் தரையில் விட்டிருந்தேன். துணி வாளியைப் பிடித்து எழுந்து நின்றாள். என் கையில் இருந்த சிவப்பு கிளிப்பைப் பார்த்தாள். "தா" என்றாள். "வந்து வாங்கிக்கோ" என்று விளையாட்டுக்குத்தான் சொன்னேன். வாளியை விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

நான்கு எட்டு. முதல் எட்டு கொஞ்சம் சாய்ந்து வந்தது. இரண்டாவது எட்டுக்கு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டாள். மூன்றாவதில் நின்று யோசித்தாள். நான் மூச்சு விடவில்லை. நான்காவதில் என் முழங்காலைப் பிடித்து, கையிலிருந்த கிளிப்பைப் பிடுங்கிக்கொண்டாள்.

நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு அண்ணன் கைலியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிவந்தார். பாம்பு என்று நினைத்தாராம். அவர் முன்னால் யாத்ரா இன்னும் ஆறு எட்டு வைத்தாள். அவர் போய் அவர் வீட்டு அக்காவையும் கூட்டிவந்தார். மத்தியானத்துக்குள் பால்கனிக்கும் வாளிக்குமாகப் பதினொரு தடவை. எண்ணினேன். படகை இன்று கரையில் கட்டிவிட்டாள்.

சிராஜ் பாய்க்குப் போன் பண்ணினேன். "வண்டி கிளம்பிடுச்சு பாய்!" என்றேன். "மாஷா அல்லாஹ்! எந்த பிளாட்பாரத்துல?" என்றார்.

பேபி அக்காவுக்குப் போன் பண்ணினேன். ஆஸ்பத்திரியில் இருந்தார். நர்ஸுக்கெல்லாம் சொல்லுவதாகச் சொன்னார்.

ஹேமாவுக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமை அவளுக்கு சிக்னல் தேர்வு. அது முடியும்வரை போன் வேண்டாம், நானே கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். திங்கள் மாலைவரை எப்படிப் பொறுப்பது என்று தெரியவில்லை. கோயமுத்தூர் போக வேண்டியதில்லை. மளிகைப் பட்டியலை எடுத்துவிட்டு காலண்டரைப் பார்த்தேன். ஆகஸ்ட் ஒன்று வெள்ளிக்கிழமை. நல்ல நாள்தான்.

ஜூன் 30, திங்கள்

கேட்டிலேயே சொல்லிவிட்டேன். "டீச்சர், நடந்துட்டா! சனிக்கிழமை, காலையில பத்து இருபதுக்கு!"

டீச்சர் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "அப்படிங்களா! எத்தனை எட்டு வெச்சா?"

"முதல்ல நாலு. அப்புறம் ஆறு."

யாத்ரா பன்னிரண்டு அடியையும் நடந்தே போனாள். பாதிவழியில் ஒரு தடவை உட்கார்ந்தாள், அவ்வளவுதான். அப்போது பக்கத்தில் ஷஹானா நின்றுகொண்டிருந்தாள். மூன்றரை வயது. அணில்குட்டியிலேயே வாய் அதிகம்.

"யாத்ரா பாப்பா அன்னிக்கே நடந்துச்சு அங்கிள். எங்க மிஸ்கிட்ட நடந்து வந்துச்சு. மிஸ் எங்களக் கைதட்டச் சொன்னாங்க. அப்பறம் பாயசம் குடுத்தாங்க."

"ஷஹானா, போய்க் கை கழுவிட்டு வா" என்றார் டீச்சர்.

"கழுவிட்டேனே மிஸ்."

"இன்னொரு தடவை கழுவு."

சின்னக் குழந்தைகளுக்கு நேற்று, அன்று, போன வருஷம் எல்லாம் ஒன்றுதான். எதையாவது சொல்லும். நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் பாதையில் கிடந்த வேப்பிலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் கடைக்கு வந்துவிட்டேன்.

காலையில் இரண்டு லென்ஸ் கீறிவிட்டேன். மத்தியானம் ஒன்றை அளவு தப்பி வெட்டினேன். பாய் என்னிடமிருந்து மெஷினை வாங்கிக்கொண்டு, கல்லாவில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்திருந்தபோது புதன்கிழமைப் பாயசம் ஞாபகம் வந்தது. கால்சட்டை. உள்ளங்கால்.

நான்கு மணிவரை கோபமாக இருந்தது. என் மகள். என்னிடம் சொல்லியிருக்க வேண்டாமா? சாயங்காலம் போய்க் கேட்பது என்று முடிவு செய்து, கேட்கவேண்டிய வாக்கியத்தைக்கூட யோசித்து வைத்தேன்.

அப்புறம், புதன்கிழமையே அவர் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். "அப்படியா, ரொம்ப சந்தோஷமுங்க" என்று சொல்லிவிட்டு, வழியெல்லாம் அழுதுகொண்டு வந்திருப்பேன். சனிக்கிழமை அவள் வாளியை விட்டதும், ஓ, அங்கே பண்ணியதை இங்கேயும் பண்ணுகிறாள் என்று நினைத்திருப்பேன். கத்தியிருக்க மாட்டேன். கீழ்வீட்டு அண்ணன் பாம்பு என்று ஓடிவந்திருக்க மாட்டார்.

சாயங்காலம் யாத்ராவை அழைக்கப் போனேன். டீச்சர் என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று தெரிந்தது. சொல்லிவிட்டால் பத்து இருபது என்ன ஆவது?

"வர்றேன் டீச்சர்" என்றேன்.

ஏழு மணிக்கு ஹேமா கூப்பிட்டாள். சிக்னல் தேர்வில் அவள்தான் முதல் மதிப்பெண். ஒரு மூச்சு முழுக்க அதையே சொன்னாள். பிறகு, "அங்க என்ன விசேஷம்?" என்றாள்.

மூன்று நாளாக வாய்க்குள் வைத்திருந்த செய்தி. யாத்ரா என் முன்னால் கிளிப்பை வாயில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள்.

"ஒண்ணும் விசேஷமில்ல. வழக்கம்போலத்தான்" என்றேன்.

ஜூலை 2, புதன்

ரகசியம் காப்பது பெரிய வேலை. வீடியோ அழைப்பு வந்தால் முதலில் யாத்ராவைச் சாப்பாட்டு நாற்காலியில் உட்காரவைத்து பெல்ட் போட வேண்டும். இறங்க வேண்டுமென்று கத்துகிறாள். "ஏன் கட்டி வெச்சிருக்கீங்க? தரையில விடுங்கன்னு சொன்னேன்ல?" என்று ஹேமா என்னைத் திட்டுகிறாள். வாங்கிக்கொள்கிறேன்.

ஹேமா காதில் போட்டுவிடக் கூடாது என்று கீழ்வீட்டு அண்ணனிடமும் அக்காவிடமும் சொல்லிவிட்டேன். பாயிடம் சொல்லிவிட்டேன். பேபி அக்காவிடம் சொன்னபோது, "நான் எதுக்குங்க சொல்றேன்? எனக்குத்தான் நீங்க சொல்லவே இல்லியே" என்றார்.

ஜூலை 4, வெள்ளி

ஜெசிந்தா டீச்சரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. நேராகச் சொல்ல வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை யாத்ரா அம்மா வர்றாங்க. இவ நடக்கறது அவங்களுக்கு இன்னும் தெரியாதுங்க."

டீச்சர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்து, துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டார்.

"எனக்கும் தெரியாதுங்க" என்றார்.

ஜூலை 6, ஞாயிறு

காலை ஆறரைக்கு ஹேமா வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். முகம் கறுத்திருக்கிறது. ஒரு தோளில் பை, கையில் முறுக்குப் பொட்டலம். கதவைத் திறந்ததும் யாத்ராவைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள். யாத்ரா என் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

ஐந்து வாரம். போனில் தினமும் முத்தம் கொடுத்த முகம்தான். ஆனால் நேரில் வந்து நின்றதும் யாரோ என்று பார்த்தாள். ஹேமாவின் கை அப்படியே கொஞ்ச நேரம் நீட்டியபடி இருந்தது. பிறகு அவள் பையை வைத்துவிட்டு, அழைக்காமல், தொடாமல், தரையில் போய் உட்கார்ந்துகொண்டாள். நானாக இருந்தால் பிடுங்கித் தூக்கியிருப்பேன்.

ஒன்பது மணிக்கு யாத்ரா என் காலை விட்டாள். பத்து மணிக்கு ஹேமாவின் முறுக்கில் பாதியை வாங்கிக்கொண்டாள். பதினொரு மணிக்கு மடியில். அங்கேயே தூங்கியும்விட்டாள், தூளி இல்லாமல், பாட்டு இல்லாமல். ஹேமா இரண்டு மணி நேரம் காலை அசைக்கவில்லை. நான் தட்டில் சாதம் போட்டுக் கொண்டுவந்து ஊட்டிவிட்டேன்.

எல்லாம் சரிதான். நடக்கத்தான் இல்லை. தூங்கி எழுந்து எங்கே போனாலும் படகில்தான். எட்டு நாளாகத் தொடாத படகு! வாளியைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன். சிவப்பு கிளிப்பைக் காட்டினேன். "எதுக்கு அந்தக் கிளிப்ப ஆட்டிட்டே இருக்கீங்க?" என்றாள் ஹேமா. மூன்று மணிக்கு ஹேமா முகம் கழுவப் போனாள். குளியலறைக் கதவு மூடியதுதான் தாமதம், யாத்ரா எழுந்து பால்கனிக்கு ராணிபோல நடந்து போனாள். ஓடிப்போய்த் தூக்கிவந்து உட்காரவைத்தேன். என் வாழ்நாளில் நடக்கிற குழந்தையை உட்காரவைத்தது இன்றுதான்.

நாலரைக்குக் கிளம்ப வேண்டும். நான்கு மணிக்கு ஹேமா பையை அடுக்கினாள். உள்ளேயிருந்து பயிற்சிக்குக் கொடுத்த கொடிகள் இரண்டையும் எடுத்துக் கீழே வைத்தாள், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. துணியை மடித்து வைத்துவிட்டுக் கொடிகளைச் சுருட்டப் போனவள், பச்சையை விரித்து யாத்ராவுக்குச் சும்மா ஆட்டிக் காட்டினாள்.

"பாருடா கண்ணு. இதக் காட்டுனா வண்டி போகலாம்."

யாத்ரா கட்டிலைப் பிடித்து எழுந்தாள். கொடியைப் பார்த்தாள். "தா" என்றாள். கட்டிலை விட்டாள்.

ஹேமாவின் கை அந்தரத்தில் நின்றது. கொடி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அவள் கூப்பிடவில்லை, கத்தவில்லை, கண்ணைக்கூட இமைக்கவில்லை. ஏழு எட்டு. கடைசி எட்டில் கால் தடுக்கி, கொடியோடு சேர்ந்து ஹேமாவின் கழுத்தில் விழுந்தாள்.

ஹேமா அழுத அழுகையில் யாத்ராவும் பயந்து அழுதாள். அப்புறம் இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்புறம் ஹேமா அவளை மறுபடி கட்டிலருகே நிறுத்தி, மறுபடி கொடியைக் காட்டி, மறுபடி வரவழைத்தாள். ஐந்து தடவை. கீழ்வீட்டு அக்கா மாடிக்கு வந்து, "ஐயோ, நடந்துட்டாளா! இன்னிக்குத்தானா!" என்று கேட்டு, தேவைக்கு மேலேயே ஆச்சரியப்பட்டார்.

அவர் போன பிறகு ஹேமா, யாத்ராவின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"இப்பத்தானுங்களா? இதுதான் முதல் தடவையா?"

"ஆமா."

"கல்யாண வீடியோ பாத்தாக்கூட அழுவீங்க. இதுக்கு அழவே இல்லியே?"

"அதிர்ச்சியில வரல."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. ஸ்டேஷனுக்கு யாத்ராவை அவளே தூக்கிக்கொண்டு வந்தாள். பன்னிரண்டாம் குறிப்பை நான் ஞாபகப்படுத்தவில்லை. வண்டியில் ஏறியதும் பக்கத்து சீட்டு அம்மாவிடம், "எம் பொண்ணு இன்னிக்குத்தாங்க நடந்தா. என்னைப் பாத்து" என்று சொல்வது பிளாட்பாரத்திலிருந்தே எனக்குக் கேட்டது. இன்னும் மூன்று வாரம். இந்தத் தடவை வண்டி நகர்ந்தபோது கத்தவில்லை, கையை மட்டும் ஆட்டினாள். அப்போது எனக்கு அழுகை வந்தது. நல்லவேளை, அவள் பெட்டி தாண்டிப் போயிருந்தது.

ஜூலை 7, திங்கள்

பன்னிரண்டு அடி, ஒன்றரை நிமிடம். எறும்புகள் வழக்கம்போல விசாரிக்கப்பட்டன.

கதவருகே ஜெசிந்தா டீச்சர் ஒரு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒன்று வைத்திருக்கிறாராம். தானாகச் சாப்பிட்டது, தானாகத் தூங்கியது, எல்லாவற்றுக்கும் எதிரே தேதி. "முதல் எட்டு" என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

"அம்மா வந்தாங்களா? நடந்தாளா?" என்று கேட்டார்.

"நடந்தா டீச்சர். ஏழு எட்டு. அவங்கதான் முதல்ல பாத்தாங்க."

டீச்சர் பேனாவைத் திறந்து, சுவரில் அட்டையை வைத்து, ஜூலை 6, ஞாயிறு என்று திருத்தமாக எழுதினார். ஷஹானா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டீச்சர் திரும்பிப் பார்த்தார். அவள் தானாகவே கை கழுவப் போய்விட்டாள்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்வரை போனேன். மனசு கேட்கவில்லை. திரும்பி வந்தேன்.

"டீச்சர், நெசமாலுமே என்னைக்கு?"

அவர் அட்டையை எடுத்து என் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்.

"ஞாயித்துக்கிழமைங்க. கண்ணாடிக் கடையிலதான வேலை செய்றீங்க? நல்லாப் படிச்சுப் பாருங்க."